ஐந்தடிக் கண்ணாடித் தோட்டம்

ஊரில் பாதிப் பேர் அவன் கட்டிக் கொடுத்த பல்லால்தான் மென்றுகொண்டிருந்தார்கள். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செதுக்கி, ஆளுக்கேற்ற நிறத்தில் பல் பொறுக்கி வைத்து, உதடு பிதுங்காமல் பல்செட்டை உட்காரவைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அடுத்தவர் வாய்க்கெல்லாம் வழி செய்தவனுக்குத் தன் வாயைத் திறக்க மட்டும் வராது. அதிலும் மாமனார் எதிரில் நின்றுவிட்டால் தலை தானாக ஆடும், "சரிங்க மாமா" என்று நாக்கு தானாகச் சொல்லும்.

மாமனாரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுமைக்காரராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். மனுஷர் அன்பானவர், அதுதான் தொல்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டோடு மாப்பிள்ளையாக இவன் வந்த நாளிலிருந்து தாங்கு தாங்கென்று தாங்கினார். சட்டையை அவரே எடுத்து வருவார். முடியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சலூனுக்கு அவரே போன் போட்டுச் சொல்வார். "மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும்" என்று அறைக்குள் வந்து ஃபேனின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போவார். தாழ்ப்பாள் போட்டாலோ, வெளியே நின்று "உடம்புக்கு முடியலையா மாப்பிள்ளை?" என்று திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். ஆறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அந்த வீட்டில் இருமுவதற்குக்கூட அவன் யோசித்தான்.

மனைவிக்கும் இதே கதைதான். கூரியர் ஆபீஸ் கவுண்டரில் நாளெல்லாம் நாலு பேரை வேலை வாங்குகிற முப்பத்தோரு வயதுக்காரி, வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குப் பாப்பா. தனிக்குடித்தனம் போக அவள்தான் ஒரு மாடி வீட்டைக் கண்டுபிடித்தாள். இரண்டு அறை, மேற்கே ஒரு ஜன்னல். அவள் ஆபீசுக்கும் நடந்து போகலாம், அவன் ஆஸ்பத்திரிக்கும் நடந்து போகலாம். வீட்டுக்கார அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வச்சிருப்பேன். அதுக்கப்புறம் வர்றவங்களுக்குக் கொடுத்துடுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மாமனாருக்கு ஆசை வந்தது. ஹாலுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார். சுவர் மொட்டையாக இருக்கிறதாம், கண்ணாடிக்குள் செடி வளர்க்கிறார்களே, அது ஒன்று வாங்கிவைக்க வேண்டுமாம். "மூணு பேரும் போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்று காரை எடுத்தார்.

கிளம்புமுன் மனைவி அவனைச் சமையலறைப் பக்கம் இழுத்தாள்.

"கடையிலயே சொல்லிடலாங்க. இங்க சொன்னா அம்மா அழுவாங்க, அப்பா குதிப்பாரு. அங்க நாலு பேர் முன்னாடி சத்தம் போட மாட்டாரு. நான் ஆரம்பிக்கிறேன். அவர் உங்ககிட்ட திரும்புவாரு. நீங்க 'ஆமா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"ஒரு வார்த்தைதானே, சொல்லிட மாட்டேனா?" என்றான் வீராதி வீரன்.

கடை நீளமான அறை. உள்ளே நுழைந்ததுமே ஈர மண் வாசனை. தட்டுத் தட்டாகக் கண்ணாடி: மீன் தொட்டி போல் சில, மூடி போட்ட ஜாடிகள் சில, விளக்குக் கூண்டு போல் முக்கோணக் கண்ணாடிகளை ஒட்டிச் செய்தவை சில. உள்ளே கீழே கூழாங்கல், அதன்மேல் கரித்தூள், அதற்குமேல் மண், மண்ணை மூடிப் பாசி, பாசிக்கு நடுவே விரல் உயரச் செடிகள். மூடிய ஜாடிகளின் உட்பக்கம் வியர்த்து வியர்த்துச் சொட்டியது. அந்தத் தண்ணீரையே செடி மறுபடி குடித்துக்கொள்ளும், மாதக்கணக்கில் திறக்கவே வேண்டாம் என்றாள் கடைக்காரி. அவள் நகக்கண்ணெல்லாம் மண். அவனுக்கு ஏனோ கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட வேண்டும்போல் இருந்தது.

மாமனார் நேரே கடைக்கோடிக்குப் போய்விட்டார். அங்கே இருந்தது ஐந்தடி நீளத் தொட்டி. குட்டி மலை, பள்ளத்தாக்கு, பெரணிச் செடிகள், நடுவே மணல் பாதை.

"இதான்! ஹால்ல அந்தச் சுவர் ஓரமா வச்சா எப்படி இருக்கும்!"

"இது நல்ல சாய்ஸ் சார்," என்றாள் கடைக்காரி. "ஆனா முதல்லயே சொல்லிடுறேன். பெரிசை நாங்க இங்கயிருந்து தூக்கிட்டு வர மாட்டோம். உங்க வீட்லயே வந்து அடுக்கு அடுக்கா போட்டுக் கட்டிட்டுப் போவோம். கட்டினப்புறம் விரக்கடை கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினா அடுக்கு சரிஞ்சு எல்லாம் அழுகிடும். அப்புறம் இன்னொண்ணு. ஒரு தோட்டத்துக்கு ஒரு கைதான். ஆளுக்கு ஆள் தண்ணி ஊத்தி நிறைய செத்துப்போச்சு. அதனால யார் பாத்துக்கப் போறாங்கன்னு அட்டையில பேர் எழுதி வாங்காம நான் கொடுக்கிறதில்லை."

"எம் மாப்பிள்ளைதான்!" மாமனார் அவன் தோளைத் தட்டினார். "பொடி வேலைக்குப் பழகின கை. இடுக்கி பிடிச்சா ஒரு பல் நகராது. தினமும் வேலை விட்டு வந்ததும் இவர் செடியைப் பாக்கட்டும், நான் இவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் உட்காருவார். மணி ஐந்தேகால்.

மனைவி தட்டிலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்தாள். இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. உள்ளே ஒரே ஒரு பெரணி.

"இதை எங்க வேணாலும் தூக்கிட்டுப் போலாமா?"

"மடியில வச்சுக்கிட்டே போலாம்மா."

அவள் அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"அப்பா, எங்களுக்கு இது போதும். பெரிசு உங்களுக்கு வேணும்னா வாங்கிக்குங்க, ஆனா அதைப் பாத்துக்க நாங்க அங்க இருக்க மாட்டோம். தனியா போறோம்பா. வீடு பாத்தாச்சு. இன்னிக்குச் சொல்லணும்."

பூச்சட்டி விலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். மாமனார் சத்தம் போடவில்லை. அவள் கணக்கு அதுவரைக்கும் சரி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இவன் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"மாப்பிள்ளை, அவ சின்னப் பொண்ணு, ஏதோ பேசுறா. நீங்க சொல்லுங்க. நம்ம வீட்ல உங்களுக்கு நான் ஏதாவது குறை வச்சேனா?"

சொல்லுடா, வாயைத் திறந்து சொல்லித் தொலை! ஒரே ஒரு 'ஆமா'. மனைவி ஜாடியை நெஞ்சோடு அணைத்தபடி அவன் உதட்டையே பார்த்தாள். கடைக்காரி பார்த்தாள், அந்தத் தம்பதி பார்த்தார்கள். ஆறு வருஷமாக மென்று விழுங்கியதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. எத்தனை வாய்களை "ஆ" காட்டச் சொல்லி அச்செடுத்திருப்பான்!

"குறையா? ஐயோ, ஒண்ணும் இல்லைங்க மாமா."

"அப்போ பெரிசையே வச்சுடலாமா?"

"சரிங்க மாமா."

யாரும் அவன் கழுத்தைப் பிடிக்கவில்லை. அவன் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கடைக்காரி அட்டையை நீட்டினாள். மாமனார் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பொடி வேலைக்குப் பழகிய கை, நடுங்காமல் பேரை எழுதியது.

மனைவி ஜாடியைத் தட்டில் வைத்தாள், சத்தமே வராமல் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இத்தனை நாளும் எங்கப்பாதான் உங்களைப் பிடிச்சு வச்சிருக்காருன்னு நினைச்சேன்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அவர் பிடிக்கவே இல்லைங்க. நீங்கதான் அவரை விட மாட்டேங்கிறீங்க."

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, கடை நடுவிலேயே நின்று பேசினாள்.

"அம்மா, அந்த மாடி வீட்டுக்குப் பேசியிருந்தோமே, நான்தான். ஆமா, எடுத்துக்கறேன். இல்லைம்மா, ரெண்டு பேர் இல்லை. நான் மட்டும்தான். இன்னிக்கே வந்து சாவி வாங்கிக்கலாமா? சரிம்மா, இப்பவே கிளம்புறேன்."

"பாப்பா!" என்றார் மாமனார். இப்போது உண்மையாகவே சத்தம் போட்டார்.

"துணிமணியை நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்பா. அம்மாகிட்ட நானே பேசுறேன்." வாசல்வரை போனவள் ஒரு தடவை திரும்பி அவனைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, ஆனால் நின்றாள். ஒரு ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். அவன் ஒரு கால் எடுத்துவைத்தான் என்பது உண்மை. அவன் கை மாமனாரின் கைக்குள் இருந்தது. விடுவித்துக்கொள்வதற்கு அது ஒன்றும் இரும்புப் பிடி அல்ல, வயதானவரின் மெத்தென்ற கை. அவள் தெருவைக் கடந்து, பஸ் நிறுத்தத்துக் கூட்டத்தில் கலந்து போனாள்.

"ரெண்டு நாள் தாங்க மாட்டா. தானே வந்துடுவா," என்றார் மாமனார். குரல் உடைந்திருந்தது. "உங்களை விட்டுட்டு எங்க போயிடுவா? நீங்க கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, நான் இருக்கேன்ல?"

அவள் வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் நடையைப் பார்த்தாலே தெரிந்தது. பொறாமையாக இருந்தது, வெட்கமாக இருந்தது, ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு ஆட்கள் வந்து தோட்டத்தைக் கட்டுவார்கள் என்று கடைக்காரி சொன்னதற்கு அவன் தலையாட்டினான்.

காருக்கு வந்ததும் பழக்கத்தில் பின்கதவைத் திறந்தான். முன் சீட்டில் எப்போதும் மகள்தான் உட்காருவாள்.

"அங்க எதுக்கு மாப்பிள்ளை? முன்னாடி வாங்க, காலியாத்தானே இருக்கு."

அவன் முன்னால் போய் உட்கார்ந்தான். மாமனார் சுற்றி வந்து ஏறி, இந்தப் பக்கம் குனிந்து, அவன் நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.