சுகுணா ரிவர்ஸ் எடுத்த வளைவு

1

இது கார் விமர்சனமாக இருந்திருக்க வேண்டியது. நான் எழுதும் வாகனப் பத்திரிகையின் ஆசிரியர், தரையிலிருந்து சற்று உயரமாக நிற்கிற சின்ன கிராஸ்ஓவர் கார் மலையில் தினப்படி எப்படி உழைக்கிறது என்று எழுதித் தரச் சொல்லியிருந்தார். புதுக் கார் வேண்டாம், யாராவது வைத்துப் புழங்குவதாக இருக்கட்டும் என்றார். மலைமேல் செம்மேட்டில் விசாரித்தேன். எல்லோரும் சுகுணாவைக் கைகாட்டினார்கள்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: ‘அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இந்தக் கார் ஒரு நாட்டியக்காரியின் லாகவத்தோடு—’

நிறுத்திவிட்டேன். நாட்டியக்காரிக்கு அந்த ரோட்டில் வேலை இல்லை.

2

சுகுணாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குண்டனி நாடு என்கிற மலை ஊராட்சியில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். கணவர் செங்கோடன் பல வருடம் ஜீப்பில் லோடு ஏற்றி மலையிறங்கியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, இப்போது வாரம் மூன்று முறை நாமக்கல்லில் டயாலிசிஸ். பஸ்ஸில் போனால் வளைவுக்கு வளைவு வாந்தி. திரும்பும்போது நிற்கத் தெம்பிருக்காது. அதனால் சுகுணா கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

ஜீப்பில் செங்கோடனால் ஏற முடியவில்லை. தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இந்தக் காரின் சீட் அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. திரும்பி உட்கார்ந்தால் போதும்.*

* பத்திரிகைக்கான குறிப்பு: பின்சீட்டை மடித்தால் மிளகு மூட்டைகள் தாராளமாகக் கொள்ளும். முழுப் பாரத்தோடு ஏசி போட்டால் மேட்டில் இன்ஜின் திணறுகிறது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் ஓரிரு நொடி தானே பிடித்துக்கொள்கிறது. (“அதுக்குத்தானுங்க இதை வாங்குனது” என்றார் சுகுணா.)

3

செங்கோடனைத்தான் எனக்கு எழுத வரவில்லை. முதல் பிரதியில் அவரை நன்றி ததும்பும் நோயாளியாக எழுதினேன். அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. நான் பார்த்த செங்கோடன், டயாலிசிஸுக்கு மலையிறங்கும்போது சுகுணாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

“ரெண்டாவதுல போடு புள்ள. பிரேக்கையே மிதிச்சா சூடாகிப் போயிரும்.”

“ரெண்டாவதுலதானுங்க போகுது.”

“அப்பறம் ஏன் இந்தக் கத்துக் கத்துது?”

“நீங்கதான் கத்தறீங்க. வண்டி அதும்பாட்டுக்குப் போகுது.”

நான் பின்சீட்டில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மழை பிடித்திருந்தது.

4

பாதி மலை இறங்கியதும் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. கீழேயிருந்து திரும்பி ஏறிய பைக்குக்காரர் கண்ணாடியைத் தட்டினார். “ரோட்டுக்குக் குறுக்கால மரம் உளுந்து கெடக்குதுங்க. அறுத்து எடுக்கப் பொழுது சாஞ்சிரும்.”

“ஊட்டுக்குத் திருப்பு” என்றார் செங்கோடன்.

“இன்னிக்கி உட்டா மூச்சு முட்டுமுங்க. போன தரம் பட்டது மறந்துபோச்சா?”

“இன்னிக்கும் வேண்டாம், நாளைக்கும் வேண்டாம். போதும் சுகுணா. இந்த ரோட்ல உன்னைய எறக்கி ஏத்திக்கிட்டு நான் இருந்து என்ன பண்ணப்போறேன்?”

(இங்கே மூடுபனியும் சுகுணாவின் கண்ணீருமாக ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. வைப்பரின் வேகத்தைக் கூட்டினார்.)

“நீங்க இருக்கோணுமா வேண்டாமான்னு நீங்க ஒருத்தரே முடிவு பண்றதுக்கு, நான் என்ன வழியில ஏறுன ஆளுங்களா? மேல போயி முள்ளுக்குறிச்சி ரோட்ல எறங்கலாம்.”

“அந்த ரோட்ல நீ ஓட்டுனதே இல்ல.”

“இன்னிக்கி ஓட்டறேன்.”

5

நாங்கள் நின்ற இடத்தில் காரைத் திருப்ப வழியில்லை. மேலேயிருந்த வளைவு வரை பின்னாலேயே ஏற வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் பள்ளம். ரிவர்ஸ் கேமராவில் மழைநீர் வழிந்து வெறும் வெள்ளை தெரிந்தது. சுகுணா ரிவர்ஸ் போட்டார். கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் சாக்கடை விளிம்புக்கு வழுக்கியது. நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

செங்கோடன் கதவைத் திறந்தார்.

இனி நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அவர் சுற்றி வந்து சுகுணாவை எழுப்பிவிட்டுத் தானே ஓட்டுகிறார். ஆசிரியருக்கு அது பிடித்திருக்கும். இன்னொன்றில் நானே இறங்கிக் காப்பாற்றுகிறேன். அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. நடந்தது இதுதான்.

“ஏனுங்க, நனையாதீங்க!”

அவர் காதில் வாங்கவில்லை. காரைப் பிடித்துக்கொண்டே நடந்து பின்னால் போய் நின்றார். நான் இறங்கிக் குடை பிடித்தேன். மறைக்கிறது என்று தள்ளிவிட்டார். அதுவரை முனகலாகவே வந்த குரல் மலையில் எதிரொலித்தது.

“வரட்டும்... வரட்டும்... லெப்ட்ல ஒடி. போதும், நேராக்கு. பயப்படாத, நான் பாத்துக்கறேன். இன்னுங் கொஞ்சம் வரட்டும் சாமி... வரட்டும்...”

கார் அடி அடியாக ஏறியது. அவரும் பின்னாலேயே அடி வைத்து ஏறினார், மூச்சு வாங்க, நின்று நின்று. வளைவின் அகலத்தில் சுகுணா காரைத் திருப்பி நிறுத்தினார். செங்கோடன் வந்து உட்கார்ந்தபோது உடம்பு நடுங்கியது. சுகுணா ஹீட்டரைப் போட்டு, முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார்.

“அந்த ரோட்ல எதுத்தாப்ல வர்ற வண்டிக்கு ஆரன் அடிச்சுக்கிட்டே போவோணும்” என்றார் அவர்.

“செரிங்க.”

நாமக்கல்லுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் ரோஸ்லின் திட்டிக்கொண்டே மெஷினைத் தயார் செய்தார்.

6

ஆசிரியர் கடைசி வரியில் தீர்ப்புக் கேட்கிறார்: வாங்கலாமா, வேண்டாமா. கதை படிக்கிற நீங்கள் வேறொன்று கேட்பீர்கள்: செங்கோடன் பிழைத்துக் கிடப்பாரா, மறுபடியும் வர மறுப்பாரா? டயாலிசிஸுக்கு முடிவு என்று ஒன்று இல்லை. இந்த வாரம் போனால் அடுத்த வாரமும் போக வேண்டும். அப்படியொரு விஷயத்துக்கு நான் எப்படி முற்றுப்புள்ளி வைப்பது?

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மழையை நிறுத்தலாம். ரோட்டை அகலப்படுத்தலாம். செங்கோடனுக்கு ஒரு நல்ல சிறுநீரகம் கிடைக்கச் செய்தால் நானும் சந்தோஷப்படுவேன். ஆனால் சுகுணாவை ஸ்டீயரிங்கிலிருந்து எழுப்ப மட்டும் பார்க்காதீர்கள். நான் ஒரு பிரதியில் முயன்றேன். அவர் எழவில்லை.