பிரபஞ்சத்துக்குத் தெரியாத வீடு

நான் விவாதத்தில் ஜெயித்த மறுநாளிலிருந்து ஜெசிந்தா அக்கா வீட்டின் மேல் வெயில் விழுவதில்லை.

முகநூல் குழு ஒன்றில் எங்களுக்குச் சண்டை. அவர் விசுவாசி. நான் எதற்கும் ஆதாரம் கேட்பவன். "இவ்வளவு பெரிய வானத்த விரிச்சவருக்கு என் வீடும் தெரியும்" என்று எழுதினார். "பிரபஞ்சத்துக்கு நீங்கள் இருப்பதே தெரியாது" என்று பதில் எழுதினேன். லைக் குவிந்தது. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை. எனக்குத் தனியாக ஒரு படமும் முகவரியும் அனுப்பினார். படத்தில் ஒரு தெரு. உச்சி வெயில். ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது.

பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தன.

"நீங்கதான செழியன்? வாங்க தம்பி. அந்த லைட்டப் போடுங்க. என்னால நகர முடியல."

போட்டேன்.

"எப்பருந்துக்கா இப்படி?"

"மொதல்ல வெயில் நின்னுச்சு. அப்பறம் மழை. பக்கத்து வீட்டுல கொட்டுது, எங்க வாசல்ல ஒரு பொட்டு இல்ல. இன்னைக்குக் காலையில என் கனமும் போயிருச்சு."

"நான் எழுதுனதாலயா?"

"நீங்க சரியாத்தான எழுதுனீங்க? அதுபடிதான் நடக்குது."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

செல்போனை எடுத்து என் பதிவை அழித்தேன். ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்த நண்பர்கள் உடனே அதைத் திரும்பப் போட்டார்கள். 'பயப்படாதீங்க தோழர், நாங்க இருக்கோம்' என்று ஒருவர் எழுதினார். 'நான் சொன்னது தப்பு' என்று எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இல்லை.

அக்காவின் பிடி மெஷினிலிருந்து நழுவியது. எட்டி அவர் கையைப் பிடித்தேன். ஒரு கைக்குட்டை அளவுகூடக் கனக்கவில்லை.

"வெளிய போவோம்க்கா."

"கைய மட்டும் விட்டுறாதீங்க தம்பி."

தெருவில் என் நிழல் மட்டும் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். அங்கே யாரும் இல்லை என்று பல வருடங்களாக எழுதி வருகிறேன். வேறு வழி தெரியவில்லை.

"இவங்க பேரு ஜெசிந்தா" என்று சத்தமாகச் சொன்னேன். "மூணாவது குறுக்குத் தெரு. பச்சை கேட்." எதிர்ச் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து, "ரேஷன் கடைக்கு எதிர்ல" என்றும் சேர்த்தேன்.

பைக்கில் போனவர் நிறுத்தினார்.

"யார்ட்ட சார் சொல்றீங்க?"

"தெரியல."

அவரும் அண்ணாந்து பார்த்தார். "ரேஷன் கடைய மாத்தி ரொம்ப நாளாச்சு. மாவு மில்லுன்னு சொல்லுங்க."

மாவு மில் என்றேன். அக்காவின் கால் கட்டைவிரல் மண்ணைத் தொட்டது போலிருந்தது. போலிருந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. கையை விடாமல், பேரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.