புகைத்தவருக்குக் கேட்கும் மருந்து

"நீங்க சிகரெட், பீடி எதுவும் பிடிச்சதில்லையேம்மா?" என்று டாக்டர் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து ஊசி போடுகிறவள், ஸ்கேன் எடுக்கிறவன் எல்லோரும் என்னைத்தான் இதைக் கேட்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கிற என் வீட்டுக்காரர் ஞானசேகரனை ஒருவரும் கேட்டதில்லை.

"இல்ல டாக்டர்."

"ரத்தத்துலயும் அப்படித்தான் தெரியுது. அதான் கொஞ்சம் சிக்கல்."

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து எனக்குக் கேட்குமா என்று பார்க்கத்தான் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் மரபணுத் துணுக்குகளில் கோளாறு நிறைய இருந்தால், உடம்பு கட்டியை வேற்றாள் என்று கண்டுகொண்டு அடிக்குமாம். எனக்குக் குறைவாம்.

"புகை பிடிச்சவங்களுக்குத்தான் பெரும்பாலும் அந்தக் கோளாறு அதிகமா இருக்கும். உங்களுக்கு இந்த மருந்து கேக்குற வாய்ப்பு கம்மி. கேக்கவே கேக்காதுன்னு சொல்லல. வேற மருந்தோட சேத்துக் குடுத்துப் பாக்கலாம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே மருந்துகூடப் பாவத்தின் பக்கம் போய் நின்றுகொண்டது. ஆவடி பக்கம் சேக்காட்டில் எங்கள் வீட்டில் கொசுவுக்குப் பயந்து பொழுது சாயும்போதே ஜன்னலைச் சாத்திவிடுவோம். சாத்திய அறைக்குள் உட்கார்ந்து இந்த மனுஷன் ஊதித் தள்ளுவார். தலையணை நாறும், மடித்து வைத்த என் புடவை நாறும். வெளியே போகச் சொன்னால், "கொசு புடுங்குது தாட்சா" என்பார். ஐயாவைக் கொசு கடிக்கக் கூடாது!

"அப்ப எனக்கு வந்திருந்தா கேட்டிருக்குமா டாக்டர்?" என்றார் அவர்.

"வாய்ப்பு கொஞ்சம் அதிகம் சார்."

அவர் கண் கலங்கியது. எனக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை. சாகப்போகிறவள் நான், அழுகிறவர் இவரா?

ஆட்டோ அம்பத்தூர் எஸ்டேட் தாண்டியதும் வாயைத் திறந்தார். "என் பொகையாலதான்னு டாக்டர் சொல்லலயே, தாட்சா."

"டாக்டர் இன்னாத்துக்குச் சொல்லணும்? நீ சொல்லுய்யா."

கல்யாணமான நாளிலிருந்து அவரை நீ என்றதில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டில் அவருடைய அக்கா பூங்காவனம் சோறு வடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். "ரத்தத்துல இன்னா வந்துச்சு?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலப்படாதடி. உனுக்காவ எந்தம்பி சிகரெட்டையே வுட்டுட்டான். எந்த ஆம்பள செய்வான், சொல்லு?"

கையை உருவிக்கொண்டேன். "இன்னா வந்துச்சுன்னு உங்க தம்பியே சொல்லுவாரு அண்ணி. டாக்டர் சொன்னத ஒண்ணு வுடாம சொல்லட்டும். நான் இருக்கும்போதே சொல்லட்டும்."

அவர் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றார். பூங்காவனம் என்னை விட்டுவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினாள். "இன்னாடா?" என்றாள். அவர் இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே நழுவப் பார்த்தார். நான் உள்ளே போகவில்லை. வழியை மறித்துக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்தேன்.