மஞ்சள் பையை எங்கே வைப்பது

“மூச்சு வருதுங்க அம்மணி. சோறுதான் உள்ள எறங்க மாட்டேங்குது.”

“சோறுன்னா?”

“டீசலுங்க.”

“அதை டீசல்னே சொல்லுங்ண்ணா. ஆஸ்பத்திரியில நிக்கற மாதிரி இருக்குது.”

மெக்கானிக் மயில்சாமி லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். கிணத்துக்கடவில் பழைய டீசல் வண்டிகளை மட்டுமே தொடுகிறவர். புதிய வண்டியைப் பற்றி யாராவது கேட்டால், தெரியாத வீட்டுப் பந்தியில் உட்காரச் சொன்னதுபோலக் கூச்சப்படுவார்.

“இன்னொருக்கா செல்ஃப் அடிங்க, பாக்கலாம்.”

பிரவீனா சாவியைத் திருகினாள். லாரி உடனே பேச முன்வந்தது. செல்ஃப் மோட்டார் கிர்ர் கிர்ர் என்று சுற்ற, பின்னால் ஏற்றியிருந்த நார்க்கட்டுகள்வரை குலுங்கின. சபையில் ஏதோ பெரிதாகச் சொல்லப்போவதுபோல நெடுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு, ஒன்றும் சொல்லாமலே உட்கார்ந்துவிடும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரைப் போல, பிறகு அது அடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து இதே கதைதான். பிரவீனா தென்னை நாரை ஏற்றிக்கொண்டு பெருந்துறைக்கு ஓட்டும் வண்டி அது. நெற்றியில் ‘தெய்வாத்தாள் துணை’ என்று அவளுடைய அம்மாவின் பெயரை அப்பா எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு ஸ்டீயரிங் மகள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து தெய்வாத்தாளுக்குத் தன் பெயர் எழுதிய வண்டியைக் கண்டாலே ஆகாது. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நிற்கும் லாரியை யார் ஓட்டுவது என்று கேட்பார்கள். பதில் தெரிந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, நல்ல நேரம் முடியப்போவதாகச் சொல்லி எழுந்துவிடுவார்கள்.

“பாய் வர்றதுக்குள்ள கெளம்புச்சுன்னா நீயே ஓட்டிக்க கண்ணு. இல்லீன்னா இரும்புக்குப் போகட்டும்” என்று தெய்வாத்தாள் காலையிலேயே சொல்லியிருந்தாள். பாய் என்றது, உக்கடத்தில் பழைய வண்டிகளை வாங்கி உடைக்கும் அப்துல் வஹீதை.

அதற்கும் முன்பே அவள் சாமியிடமும் முறையிட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மலைக்கோயிலுக்குப் போய், இந்த லாரி விவகாரத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவா என்று முருகனிடம் வேண்டி, காலடியில் வைத்து வாங்கிய இரண்டு முழுத் தேங்காய்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தாள். படியில் நின்றபடியே கையை நீட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த ஒரு கொக்கியில் பையை மாட்டினாள். விவகாரம் முடிந்த பிறகுதான் தேங்காயை உடைக்க வேண்டும். அதுவரை அதைத் தரையில் வைக்கக் கூடாது, அழுக்குக் கை படக் கூடாது. அன்று சாயங்காலமே வண்டி கிளம்ப மறுத்தது.

“மலையெறங்கி ஊடு வந்து சேர்றதுக்குள்ள பதில் சொல்லிப்போட்டான்” என்று தெய்வாத்தாள் தெருவெல்லாம் சொன்னாள்.

அதிலிருந்து எல்லோரும் பையைச் சுற்றிச் சுற்றியே வேலை பார்த்தார்கள். பிரவீனா முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கிரீஸ் கையோடு இருந்த மயில்சாமி, பை இருந்த பக்கமே வராமல் மறுபக்கக் கதவு வழியாக ஏறி இறங்கினார்.

இப்போது அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “டேங்குல டீசல் இருக்குது. பில்டர் மாத்தியாச்சு. கைப்பம்புல அடிச்சுக் காத்தெல்லாம் எடுத்துப்போட்டேன். பேட்டரி நல்லா சுத்துது. ஆனா இஞ்செக்டர் நட்டைத் தளத்திப் பாத்தா சொட்டு டீசல் வரலீங்க. பெரிய பம்புதான் போயிருக்கோணும். கழட்டிக் கோயமுத்தூருக்கு அனுப்போணுங்க.”

“எப்பத் திரும்பி வரும்?”

“அது பம்புக்காரர் மனசைப் பொறுத்ததுங்க.”

பிரவீனா ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்துல் வஹீது செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். விரலால் இங்கும் அங்கும் தட்டினார். பெண் பார்க்க வந்தவர்களில்கூட யாரும் அந்த வாசலில் அவ்வளவு பொறுமையாக எதையும் பார்த்ததில்லை.

“நல்லா வெச்சிருக்கறீங்க வண்டியை. சேசிஸ் அப்புடியே இருக்குது. ஒடைக்க மனசே வராதுங்க.”

“வரவெச்சுக்கங்க பாய்” என்றாள் தெய்வாத்தாள்.

“ஒருக்கா செல்ஃப் அடிச்சு, காதால கேட்டுக்கறனுங்களே. கெளம்பாத வண்டின்னு நானும் தெரிஞ்சுக்கோணுமில்லீங்க.”

பிரவீனா இறங்கி வழிவிட்டாள். மயில்சாமி பம்பைக் கழற்ற ஸ்பேனரோடு பானெட்டுப் பக்கம் நின்றார். வஹீது ஏறி உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால் மஞ்சள் பையில் இடித்தது. அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

“இது சாமி பைங்களா?”

“ஆமாங்க பாய். கீழ வெச்சறாதீங்க” என்றாள் தெய்வாத்தாள்.

“காலு பட்டுருச்சேங்க.” அவர் பையை மெதுவாகக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல், கோயில் விளக்கை ஏந்துவதுபோல அதை இடது கையில் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாவியைத் திருகினார்.

லாரி ஒருமுறை செருமியது. பிறகு கரும்புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

தென்னையிலிருந்து காக்கைகள் கலைந்தன. மயில்சாமியின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது; எஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

“நான் ஒண்ணுமே பண்ணலீங்க” என்றார் வஹீது ஜன்னல் வழியாக. விற்கிறவர்களைவிட வாங்க வந்தவர்தான் அதிகம் பயந்துபோயிருந்தார். “அம்மா, இந்தப் பையை எங்கீங்க வெக்கறது?”

“எடுத்த எடத்துலயே மாட்டிருங்க.”

அவர் மாட்டினார். எஞ்சின் இருமி நின்றது.

“பாத்தீங்களா?” என்றாள் தெய்வாத்தாள்.

வஹீது பையைத் தூக்கினார். சாவியைத் திருகினார். ஓடியது. மாட்டினார். நின்றது. இந்த முறை மயில்சாமி பைக்குப் பயப்படாமல் படியில் ஏறி, குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய மீசை ஆடிக்கொண்டிருந்தது.

“அது கொக்கி இல்லீங்கம்மா. ஸ்டாப்பருங்க. பழைய வண்டியில சாவியைத் திருப்புனா எஞ்சினு நிக்காது. அந்தக் குமிழைப் புடிச்சு இழுத்தா டீசல் அடைச்சு நிக்கும். உட்டா ஸ்பிரிங்கு உள்ள இழுத்துக்கும். ரெண்டு தேங்கா தொங்குனா எங்கீங்க உள்ள போறது?”

பிரவீனா அம்மாவையும் மயில்சாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். “தெனமும் இழுக்கற குமிழு, பை மறைச்சதுல எனக்கே தோணலை. நீங்க முன்னாலயே பாக்கலீங்களாண்ணா?”

“கையெல்லாம் கிரீசுங்க. சாமி பைங்க.” அவர் தரையைப் பார்த்தார்.

“அப்ப, வண்டியைச் சாமி நிறுத்தலியா?” என்றாள் தெய்வாத்தாள்.

“சாமியுந்தானுங்க” என்றார் மயில்சாமி. “கூடத் தேங்காயுந்தானுங்க.”

வஹீது இறங்கிப் பையைப் பிரவீனாவின் கையில் கொடுத்தார். “ஒடைக்க வந்த வண்டியை நானே கெளப்பி உட்டுட்டுப் போறனுங்க. எங்கூட்டுல இதை எப்புடிச் சொல்றதுன்னுதான் தெரியலீங்க.”

“எங்கீங்க போறீங்க? இருங்க பாய்” என்றாள் தெய்வாத்தாள். அவள் நிதானமாக யோசித்து முடித்திருந்தாள். “பாய் வர்றதுக்குள்ளன்னுதான் நான் சொன்னேன். இது பாய் வந்தப்பறந்தான் கெளம்புச்சு.”

மயில்சாமிக்குத் திடீரென்று ஸ்பேனரைத் தேடும் வேலை வந்துவிட்டது. வஹீது மேகங்களைப் பார்த்தார்.

பிரவீனா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். எஞ்சின் முதல் செருமலிலேயே ஓடத் தொடங்கியது. பை இன்னும் அவள் கையில் இருந்தது. ஒற்றைக் கையால் பெருந்துறைவரை ஓட்ட முடியாது. அவள் குனிந்து, அம்மா ஒருநாளும் உட்கார்ந்து போயிராத இடது பக்க சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள்.

“அம்மா, இதைக் கீழயும் வெக்கக் கூடாது, அங்க மாட்டவும் முடியாது. நாருக்கு ஆளு காத்துட்டு இருக்காங்க. பெருந்துறை போயிட்டு வர்ற வரைக்கும் நீங்களே இதை மடியில வெச்சுட்டு, எம் பக்கத்துல உக்காந்துக்கறீங்களா?”