நடுப்பலகைக்கு ஓர் ஆள்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. அழைத்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். அக்கா தவறி இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் "சாப்பிட்டாச்சா", "அங்க மழை உண்டா" அளவில்தான். அக்கா இல்லாமல் அவர் எனக்கு யார் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

"மச்சான், மீன் சீசன் ஆரம்பிச்சாச்சுடா. படகு சொல்லிட்டேன், வர்றியா?" என்றார்.

கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். (அப்போது ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எழுத்துப் பிழைப்பில் இது ஒரு வசதி.)

2

முதல் தொடக்கம்: "பனி விலகிய நீர்த்தேக்கத்தின் மேல் பொன்னிறக் கதிர்கள்..."

வேண்டாம். அக்கா இருந்தால், "பொன்னிறமெல்லாம் அப்புறம், ஆளைக் காட்டுடா" என்பாள்.

ஆள் இதோ. வெளியூர்க்காரர்களுக்கும் மீன்பிடி அனுமதிச் சீட்டுக் கொடுக்கிற அந்த நீர்த்தேக்கத்தில், வாடகைப் படகின் இரு முனைகளில் அத்தானும் நானும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் வீசுவோம். நடுப்பலகையில் அக்கா. தூண்டிலைத் தொடமாட்டாள். மடியில் கைவலை, வாயில் கேலி.

"உங்க ரெண்டு பேரையும் பார்த்து மீனுக்கே பாவமா இருக்கும்."

3

ஒருநாள் அத்தானிடம் பெரியது ஒன்று சிக்கியது. (எவ்வளவு பெரியது? அன்றைக்கு முழங்கை நீளம். வருடா வருடம் வளர்ந்து இப்போது படகை மிஞ்சிவிட்டது.) வலையைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடிக்க வேண்டும், மீனை அதன்மேல் கொண்டுவருவது தூண்டில்காரர் பொறுப்பு. அக்காவுக்குப் பொறுமை ஏது? துரத்திப் போய் அள்ளினாள். வலையின் விளிம்பு தூண்டில் நரம்பில் இடித்தது. மீன் கழன்று போய்விட்டது.

அத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா காலி வலையைத் தூக்கிக் காட்டினாள்.

"தண்ணியை நல்லாப் பிடிச்சிருக்கேன், பாருங்க!"

படகே ஆடும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதத்தான் இவ்வளவும். அது எப்படி இருந்ததென்றால்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். முடியவில்லை.)

4

கதையின் முடிவில் மீனைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். அக்கா வலையை அசைக்கவில்லை, மீன் சமர்த்தாக உள்ளே வந்தது. பெருமையோடு அத்தானுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"மீன் கிடைச்சுட்டா அவ எதுக்குடா சிரிப்பா?" என்றார்.

முடிவை அடித்தேன்.

"நான் வர்றேன் அத்தான்."

"படகுக்காரர் எத்தனை பேருன்னு கேட்டாருடா. பழக்கத்துல மூணுன்னுட்டேன்."

"மாத்திடலாமே?"

"மனசு வரலை."

5

ஆகவே, நடுப்பலகை காலியாக இருக்கிறது. நீங்கள் வாருங்கள். தூண்டில் வீசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அத்தானின் தூண்டில் வளைந்ததும் வலையைக் கையில் எடுங்கள். அசையாமல் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பிடிப்பதும் துரத்துவதும் உங்கள் இஷ்டம்.

நாங்கள் இருவரும் திரும்பி உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்போம்.