கொழும்புக்குப் போய்வரும் பங்களா

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் இஞ்ஞாசி பங்களா, ஆண்டுதோறும் செப்டம்பரில் பதினோரு நாள் கொழும்புக்குப் போய்வரும். கிளம்பும் நாளில் தெருக்காரர்கள் கேபிள் வயர்களைக் கம்பால் தூக்கிப் பிடிப்பார்கள், கரண்ட்டு ஆள் வந்து இணைப்பைக் கழற்றிவிடுவார். கிணறும் காம்பவுண்டுச் சுவரும் மட்டும் இங்கேயே இருக்கும்.

குற்றம் கட்டியவர்கள் மீதுதான். 1934-இல் கச்சான் காற்றுக்குத் தோணிகள் கரையில் கிடந்த மூன்று மாதமும் சும்மா இருந்து தின்கிறார்களே என்று, தோணி முதலாளி இஞ்ஞாசி தன் ஓடாவிகளை வீடு கட்ட இறக்கினார். தோணி கட்டும் தச்சர்களுக்கு வேறென்ன தெரியும்? முதலாளி கேட்ட வளைந்த முகப்பு, வண்ணக் கண்ணாடி ஜன்னல், சுற்று வராந்தா எல்லாம் செய்தார்கள். ஆனால் கூரைக்குத் தோணியின் விலா மரங்களையே வளைத்து வைத்தார்கள். தேக்குத் தரையின் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து எண்ணெயும் குங்கிலியமும் பூசினார்கள். அதோடு விட்டார்களா? வீடு மந்திரிக்க வந்த கோயில் பங்குச் சாமியார் கையில், பழக்கதோஷத்தில், தோணி மந்திரிப்பு ஜெபத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அவரும் பசி மயக்கத்தில் அதையே படித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டார். அந்தச் செப்டம்பரில் முதலாளி சவரம் செய்துகொண்டு திரும்பியபோது கிணறுதான் இருந்தது.

இப்போது அங்கே இருப்பது அவருடைய பேத்தி விஜிலா. கடலென்றால் அவளுக்குக் குலை நடுங்கும். வீடு கிளம்புமுன் டிரங்குப் பெட்டியோடு இறங்கிச் சாயர்புரத்தில் சிநேகிதி ஜெப்ஸி வீட்டுக்குப் போய்விடுவாள். புருஷன் பாஸ்கல் இறங்கமாட்டார். முப்பது வருஷம் தோணிக்குத் தலைவனாக, தண்டலாக இருந்து கட்டளையிட்டவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபிறகு அவருக்கென்று மிச்சமிருந்த கடல் அந்தப் பதினோரு நாள்தான். துணைக்கு ஓர் ஆளைப் போட்டு அனுப்பிவைப்பாள்.

போன வருஷம் ஓர் அலுவலகம், பெயரைச் சொன்னால் வம்பு, ட்ரோன் விட்டு ஊரைப் படம் பிடித்தது. வீடு கொழும்பில் இருந்த நாள் அது. 'காலி மனை' என்று எழுதி, வண்டி நிறுத்த எடுத்துக்கொள்ளப் போவதாகக் கடிதம் வந்தது. வீடு உண்டென்றால் இந்தச் செப்டம்பர் பதினான்காம் தேதி அது இருக்கவேண்டும், அன்றைக்கு இன்ஜினியர் வருவார். கிளம்புகிற நாளும் அதேதான். தேதியை மாற்றச் சொல்லி விஜிலா மூன்று தடவை நடந்தாள். இன்ஜினியர் நேசக்குமார் நாசரேத்துக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"எம்மா, வீடு எங்க போவப்போவுது?"

வேறு வழியில்லாமல் நங்கூரக் கயிறு வாங்கிவந்து வராந்தாத் தூண்களைக் கிணற்றோடும் வேம்போடும் சேர்த்துக் கட்டினாள். அதைப் பார்த்த பாஸ்கல் இரண்டு நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. பதினான்காம் தேதி காலையில் கயிறுகள் முறுகிக்கொண்டு நிற்க, நேசக்குமார் வந்து அடுக்களையை டேப்பால் அளக்க ஆரம்பித்தார். விஜிலா கட்டிலருகே போய் நின்றாள்.

"இத அவுத்து விட்டா வீடே போயிருமுங்க. பெறவு எங்கன கெடப்பீங்க?"

கோணிய வாயால் அவர் மெல்லத்தான் சொன்னார். "போனாப் போவட்டும்ளா. இன்னும் எத்தன வட்டம் போவப்போறேன்?"

விஜிலாவுக்கு அழுகை பொங்கிவந்தது. நாற்பது வருஷத்தில் அந்த மனுஷன் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அரிவாளை எடுத்து வராந்தாவில் நின்றபடியே கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசிக் கயிறு அறுந்தபோது வாசற்படிக்கும் தரைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி, குதித்திருக்கலாம். கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள், குதிக்கவில்லை. நேசக்குமார் உள்ளே இருப்பது அவளுக்கு மறந்தே போய்விட்டது.

அவர் அளந்து முடித்து ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். கொழும்புவரை வாந்தி எடுத்தார். விஜிலாவும் எடுத்தாள். நடுவில் பாஸ்கல் படுத்தபடியே காற்றைச் சொல்லச் சொல்ல, ஓடி ஓடி ஜன்னல்களைத் திறந்து மூடினாள். ஒருமுறை தப்பான ஜன்னலைத் திறந்ததற்கு அவர் தோணியில் வேலைசெய்யும் கலாசியை ஏசுவதுபோல ஏசினார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

'கட்டடம் உள்ளது. பதினோரு நாள் உள்ளேயே தங்கி ஆய்வு செய்யப்பட்டது' என்று நேசக்குமார் அறிக்கை எழுதினார். அலுவலகமும் ஏற்றுக்கொண்டது. செப்டம்பரில் பதினோரு நாள் மட்டும் அங்கே வண்டி நிறுத்தலாம் என்று சுவரில் பலகை மாட்டியிருக்கிறார்கள். விஜிலா சாயர்புரத்துக்குப் போன் போட்டு, இனிமேல் செப்டம்பரில் வருவதற்கில்லை, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.