முதலில் நடந்தது எது

இறந்துபோன அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஈரத்துணியால் நனைத்து உரித்துக்கொண்டிருந்தபோதும் மகளின் மனம் அந்த ஒரே கேள்வியில்தான் நின்றது. அப்பா விழுந்ததால் மூளையில் இரத்தம் கசிந்ததா, இரத்தம் கசிந்ததால் விழுந்தாரா?

ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் பதில் சொல்லவில்லை. அடிபட்டது வலப்பக்கம். கை நடுக்கத்துக்காக மூளைக்குள் வைத்த கம்பி இருந்ததும் வலப்பக்கம். ஸ்கேன் எடுப்பதற்குள் இரத்தம் பரவி இரண்டு இடங்களையும் ஒன்றாக்கிவிட்டது.

அந்தக் கம்பி பென்சிலுக்குள் இருக்கும் கரியைவிட மெல்லியது. கை நடுக்கத்தைக் கிளப்பும் இடம் மூளையின் ஆழத்தில் இருக்கிறது. அங்கே மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பினால் நடுக்கம் அடங்கும். பாட்டரி, தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில். புதிய வகைக் கம்பி என்பதால் முதலில் சிலருக்கு மட்டும் வைத்து, நடுக்கம் குறைகிறதா, ஆபத்து ஏதும் வருகிறதா என்று இரண்டையும் கவனித்துவந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் குட்டித் திருகாணியைப் பிடிக்க முடியாமல் தவித்த அப்பாவை அந்த ஆய்வில் சேர்த்துவிட்டவள் அவள்தான். ஆபரேஷன் முடிந்த அடுத்த வாரமே அப்பா கடைக்குப் போய்விட்டார். "தலைக்குள்ள ஒயரிங் பண்ணிட்டாங்க. இனிமே இடி இடிச்சா என் பக்கத்துல நிக்காதீங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அண்ணன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். வெளியறையில் ஆய்வு நர்ஸ் காத்திருந்தாள்.

"வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிட்டேன்."

"நீ பார்த்தியாண்ணா?"

"யாருமே பார்க்கல."

"அப்புறம் எப்படிச் சொன்னே?"

"மெதுவாப் பேசு. கம்பியாலதான்னு ஆச்சுன்னா அத்தையும் சித்தப்பாவும் யாரைப் பிடிப்பாங்க? உன்னைத்தான். காலம் பூரா நீ அதைச் சுமக்கணுமா?"

அவள் துணியைப் பிழிந்தாள். கதவு தட்டப்பட்டது. நர்ஸ் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க. காத்திருக்க நேரமில்ல. நாளைக்குக் காலைல ஒரு பஸ் டிரைவருக்கு இதே கம்பி வைக்கிறாங்க. விழுந்ததுதான் காரணம்னா ஆபரேஷன் நடக்கும். சந்தேகம்னா நிறுத்திடுவாங்க."

"தெரிஞ்சுக்க வேற வழியே இல்லையா?"

"தலையைத் திறந்து பார்க்கலாம். அதுக்கு நீங்க சம்மதிக்கணும்."

"அதெல்லாம் முடியாது" என்றான் அண்ணன். "வெட்டின வரைக்கும் போதும். போன மனுஷனை நிம்மதியா விடுங்கம்மா. வழுக்கித்தான் விழுந்தாரு."

அவள் அப்பாவின் கழுத்தைத் துடைத்தாள். பாட்டரியின் மேடு விரலில் தட்டுப்பட்டது. தோள், முழங்கை, மணிக்கட்டு. வலது உள்ளங்கையைத் திருப்பியவள் அப்படியே நின்றாள். பிறகு கட்டிலைச் சுற்றிப் போய் இடது கையையும் திருப்பிப் பார்த்தாள். புறங்கையில் ஊசி குத்திய இடம் மட்டும் நீலம் பாய்ந்திருந்தது.

"அண்ணா, அப்பா விழுந்தப்ப கொல்லைக்கு நீதானே முதல்ல ஓடினே?"

"ஆமா. சரளைக்கல்லு மேல குப்புறக் கிடந்தாரு."

"கையில ஏதாவது வச்சிருந்தாரா? பை, வாளி?"

அண்ணன் அவளையே பார்த்தான். "இல்ல" என்றான்.

"கை எப்படி இருந்துச்சு?"

"விடேன்."

"சொல்லுண்ணா."

"ரெண்டும்... உடம்போட ஒட்டித் தொங்கவிட்ட மாதிரி கிடந்துச்சு." அவன் குரல் இறங்கியது. "வேண்டாம். நீ இதைச் சொல்லாதே."

அவள் நர்ஸின் பக்கம் திரும்பினாள்.

"வழுக்கி விழுறவங்க கையை ஊன்றுவாங்க. சரளையில ஊன்றினா தோல் உரியும். அப்பா முழங்கால் உரிஞ்சிருக்கு, நெத்தி உடைஞ்சிருக்கு, கையில ஒரு கீறல்கூட இல்ல. தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே அவருக்கு நினைவு போயிருக்கணும். கம்பியாலதான்னு நான் சொல்லல. சந்தேகம் இருக்குன்னு சொல்றேன். நாளைக்கு ஆபரேஷனை நிறுத்தச் சொல்லுங்க. அப்பாவைக் கொண்டுபோய்த் திறந்து பாருங்க."

நர்ஸ் அண்ணனைப் பார்த்தாள். அவன் சரி என்று தலையசைத்தான். தங்கையின் கையிலிருந்து ஈரத்துணியை வாங்கி, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினான்.